வேரும் வேரடி மண்ணும்: நவோமி நோவிக்கின் ‘அப்ரூட்டட்’

10 ஆண்டுக்கு ஒருமுறை வந்து, 17 வயதுப் பெண்களை வரிசையாக நிற்க வைத்து, அதில் ஒருத்தியைத் தன் கோபுரத்துக்குக் கொண்டுபோகிறவர்தான் இந்த நாவலின் நாயகன். பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. போகிற பெண்ணிடமும் எதற்கு என்று சொல்வதில்லை. அவள் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தால் முகம் சுளிக்கிறார், அவள் உடையைப் பார்த்து எரிந்து விழுகிறார், ‘முட்டாள்’ என்பதை விதவிதமாகச் சொல்கிறார். வயது ஏறக்குறைய 150, பார்வைக்கு இளைஞன். ஊர் அவரை டிராகன் என்று கூப்பிடுகிறது. ஆனால் அவர் டிராகன் கிடையாது, மந்திரவாதி. நிஜ டிராகனுக்கே இதைவிட மரியாதை தெரிந்திருக்குமோ என்று 50 பக்கத்துக்குள் தோன்றிவிடும்.

நிஜ டிராகன்களைப் பற்றியும் எழுதியவர்தான் நவோமி நோவிக். நெப்போலியன் காலத்துப் போர்களில் டிராகன்களைப் பறக்கவிட்ட ‘டெமரேர்’ வரிசை அவருடையது. அதில் வரும் டிராகன் புத்தகம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கும், பேச்சில் பண்பு இருக்கும். ‘அப்ரூட்டட்’, அதாவது வேரோடு பிடுங்கப்பட்டது, 2015-இல் வந்தது. அமெரிக்காவில் டெல் ரே, பிரிட்டனில் மேக்மில்லன் வெளியீடு. ஏறக்குறைய 440 பக்கம், 32 அத்தியாயம், ஒரே புத்தகத்தோடு கதை முடிந்துவிடுகிறது. ஃபேண்டஸி என்றாலே ஏழு பாகம், கடைசிப் பாகம் எப்போது என்று எழுதுகிறவருக்கே தெரியாது என்றாகிவிட்ட காலத்தில் இது பெரிய நிம்மதி. அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்கும் தருகிற நெபுலா விருது அந்த ஆண்டு இதற்குத்தான் போனது, அதே துறையின் இன்னொரு பெரிய விருதான ஹியூகோவின் 2016 இறுதிப் பட்டியலிலும் இருந்தது.

கதை நடப்பது போல்னியா என்ற நாட்டின் ஓர் ஓரப் பள்ளத்தாக்கில். பெயரிலேயே போலந்து தெரிகிறது. பக்கத்து எதிரி நாடு ரோஸியா, அதையும் விளக்க வேண்டியதில்லை. பள்ளத்தாக்கின் ஒரு முனையில் ஒரு காடு. நாவலில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது, வெறும் ‘காடு’தான். ஆனால் அந்தச் சொல்லை ஊர்க்காரர்கள் சொல்கிற விதமே வேறு. அதன் மகரந்தம் மேலே பட்டால் மனிதன் கெடுவான். உள்ளிருந்து ஓநாய் வந்து மாட்டைக் கடித்தால் அந்த மாடு கெடும், பிறகு மந்தையையே எரிக்க வேண்டும். கெட்டவன் பார்க்கப் பழையபடியே இருப்பான், அதே முகம், அதே குரல். கொஞ்ச நாள் கழித்துத்தான் அவன் கையால் வீட்டில் கொலை விழும். பொரொஸ்னா என்ற கிராமத்தைக் காடு முழுசாக விழுங்கியிருக்கிறது. இந்தக் காட்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பவர் டிராகன் ஒருவர்தான். ஆபத்து என்றால் ஊரில் தீப்பந்தம் ஏற்றுவார்கள், அவர் வருவார். அதற்குக் கூலிதான் 10 ஆண்டுக்கு ஒரு பெண்.

அந்தப் பெண்களை அவர் தொடுவதில்லை. 10 ஆண்டு கழித்து நல்ல உடையோடும் கைநிறையக் காசோடும் அனுப்பிவிடுகிறார். ஆனால் திரும்பி வந்தவர்கள் ஒருத்தரும் ஊரில் தங்குவதில்லை. இரண்டு நாள் இருந்துவிட்டு நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். ‘எனக்கு ஒன்றும் நடக்கவில்லை’ என்று அவர்கள் சொல்வதை ஊர் பாதிதான் நம்புகிறது. இதை நோவிக் முதல் அத்தியாயத்திலேயே போட்டுவிட்டு, விளக்காமல் நகர்ந்துவிடுகிறார். இந்த இடத்தைப் படிக்கும்போது ஒரு ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாவலின் தலைப்பே இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இந்த முறை போகப்போவது காஷா என்று த்வெர்னிக் கிராமத்துக்கே தெரியும். அழகி, தைரியசாலி, சமையல் தெரிந்தவள். போகப்போகிறவள் என்றே அவளை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் டிராகன் கைகாட்டுவது அவளுடைய தோழி அக்னியெஷ்காவை. காலையில் உடுத்தின துணி மத்தியானத்துக்குள் சேறும் கிழிசலுமாகிவிடுகிற பெண். ஏன் அவள்? அவளிடம் மந்திர சக்தி இருப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். அப்படிக் கண்டால் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும் என்பது அரசன் சட்டம். அவருக்கும் இதில் துளி விருப்பமில்லை. இந்த ஒற்றைத் தகவலை அந்தப் பெண்ணிடம் முதல் நாளே சொல்லியிருந்தால் அவள் அழுத அழுகையில் பாதி மிச்சம். சொல்ல மாட்டார். இந்த ஆளை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் முதல் பதில் இதுதான். திட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், விஷயத்தை மறைத்து வைப்பதுதான் கொடுமை.

நாவலின் நிஜமான சுகம் மந்திரம் கற்கும் பகுதியில் இருக்கிறது. ‘வனஸ்டாலெம்’ என்றொரு மந்திரம். சொன்னால் உடுத்தியிருக்கிற கந்தல் அரசவை உடையாக மாறும். டிராகனுக்கு இது கைவந்த கலை, ஒவ்வோர் அசையையும் உளி வைத்துச் செதுக்கினாற்போலச் சொல்வார். அக்னியெஷ்கா சொன்னாலும் பட்டும் சரிகையும் எலும்பு வைத்த இடுப்புப் பட்டையுமாக உடை வந்துவிடும். ஆனால் அவள் உடம்பிலிருந்து உயிரே வடிந்தாற்போல ஆகிவிடும், படியேறக்கூடத் தெம்பு இருக்காது. அந்த உடையில் மூச்சுவிடவும் முடியாது, வேலை பார்க்கவும் முடியாது. பிறகு ஒருநாள் அதே சொல்லை முழுசாகச் சொல்லாமல், நடு அசைகளை விழுங்கி முணுமுணுக்கிறாள். வருவது சாதாரணக் கிராமத்துப் பாவாடை. களைப்பும் இல்லை. தப்பாகச் சொன்னதால் மந்திரம் கெடவில்லை, தனக்கு வேண்டிய அளவுக்கு அதைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். முழுசாகப் படிக்காத பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி ஆசிரியருக்கு வயிறு எரிகிறது. அவள் மேல் அவருக்கு வரும் கோபம் முழுக்க இந்த ஒரு காட்சியில் அடக்கம்.

அதன் பிறகு ஜாகாவின் புத்தகம். எத்தனையோ காலத்துக்கு முன் வாழ்ந்த சூனியக்காரி ஜாகா கையால் எழுதிய மெல்லிசான குறிப்பேடு அது. டிராகனின் நூலகத்தில் ஒரு மூலையில் கிடக்கிறது. அவர் முயன்று பார்த்து, ஒன்றும் நடக்காமல், உதவாக்கரை என்று ஒதுக்கிவிட்டார். அக்னியெஷ்கா எடுத்துப் படித்தால் எல்லாம் நடக்கிறது. எப்படி என்று அவர் துருவித் துருவிக் கேட்கிறார். காட்டில் பழம் பொறுக்கப் போகிற மாதிரிதான், நேற்றுப் போன வழியில் இன்று போக முடியாது, கண்ணுக்குத் தெரிகிற பக்கம் காலை வைக்க வேண்டியதுதான் என்கிறாள் அவள். இது ஒரு விளக்கமா என்று அவர் கத்துகிறார். ஒருத்தர் வாய்ப்பாடு ஒப்பிக்கிறவர், இன்னொருத்தி தாலாட்டு பாடுகிறவள். தாலாட்டில் ஓர் அடி மறந்தால் குழந்தை விழித்துக்கொள்ளாது, வாயில் வருவதைப் போட்டு நிரப்பிவிடலாம். நோவிக் நாவலாசிரியர் ஆவதற்கு முன் ‘நெவர்வின்டர் நைட்ஸ்’ கணினி விளையாட்டின் ஒரு விரிவாக்கத்துக்கு நிரல் எழுதியவர். ஒரு காற்புள்ளி தவறினால் மொத்தமும் ஓடாமல் நின்றுவிடும் என்ற அனுபவம் டிராகனின் எரிச்சலுக்குள் நன்றாகவே ஊறியிருக்கிறது.

ஜாகா என்றதும் நம்மில் சிலருக்கு எங்கோ கேட்ட பெயராக இருக்கும். அந்த பாபா யாகாவேதான். கோழிக்கால் மேல் நிற்கும் குடிசை, உரலில் ஏறிப் பறக்கும் கிழவி. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வழவழ தாளில் வந்த ருஷ்ய நாட்டுப்புறக் கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த நாவலின் மண்வாசனை அந்நியமாக இருக்காது. அந்தக் கதைகளில் கிழவி குழந்தைகளைப் பயமுறுத்துவாள். இங்கே அவள் எழுதி வைத்த குறிப்பேடுதான் பெண்ணுக்குப் பாட்டி சொத்து.

இரண்டு விதமான மந்திரமும் முதல்முறை ஒன்று சேர்கிற காட்சி ஒன்று உண்டு. அவர் ஒரு ரோஜாவை மாயத் தோற்றமாக வரவழைக்கிறார். இதழ்க்கணக்கு பிசகாத, உயிரில்லாத ரோஜா. அவள் தன் பாட்டுக்கு அதில் கலந்துகொள்ள, செடி வளர்ந்து, முள் விட்டு, அறை முழுக்கப் படர்கிறது. எங்கே அவருடைய வேலை முடிந்து இவளுடையது தொடங்குகிறது என்று இருவருக்குமே தெரியவில்லை. கட்டிப்பிடித்தல், முத்தம் எதுவும் இல்லாமலேயே புத்தகத்தின் மிக நெருக்கமான காட்சி இதுதான். உடனே அவர் விலகிப்போய் அவளை இன்னும் இரண்டு மடங்கு திட்டுவது சரியான கணக்கு. காதல் கதையை நம்ப வைக்கிற வேலையை இந்த ஆறேழு பக்கம் செய்த அளவுக்குப் பின்னால் வரும் படுக்கையறைக் காட்சி செய்யவில்லை.

ஒரு கட்டத்தில் அவர் தன் பெயரைச் சொல்கிறார். சர்கான். அதை உச்சரிக்கும்போது நெருப்பும் சிறகும் நாவில் தட்டுகிற மாதிரி அவளுக்கு இருக்கிறது. ஹங்கேரிய மொழியில் டிராகனைக் குறிக்கும் சொல்லை ஒட்டிய பெயர் என்பது கூடுதல் குறும்பு. ஆங்கிலத்தில் படிக்கும்போது இந்த இடத்தில் நமக்கு மட்டும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அதுவரை மனதுக்குள் ‘அவர்’ என்று ஓடிக்கொண்டிருந்த ஆளை இனி ‘அவன்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதனாலேயே இந்தச் சுகமும் கிடையாது. கோபுரத்து எஜமான் ‘அவர்’, சர்கான் ‘அவன்’. அவள் பேச்சிலும் அந்த இடத்திலிருந்துதான் பயம் போய், பதிலுக்குப் பதில் வருகிறது. இங்கேயும் அப்படியே மாற்றிக்கொள்வோம்.

பிடிக்காத நாயகனை ஓர் எழுத்தாளர் எப்படி நியாயப்படுத்துகிறார் என்று பார்ப்பது தனிப் பாடம். வழக்கமாகக் கையாள்வது சோகமான பிளாஷ்பேக். நோவிக் அதைத் தொடவே இல்லை. பக்கத்தில் வேறு ஆண்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். இளவரசன் மாரெக் வீரன், அழகன், நாட்டுப் பாடல்களின் செல்லப்பிள்ளை. அவன் கோபுரத்துக்கு வந்த ராத்திரியே அக்னியெஷ்காவின் அறைக்குள் புகுந்து பலவந்தம் செய்யப் பார்க்கிறான், அவள் தட்டை எடுத்து மண்டையில் போடுகிறாள். அடுத்து சோல்யா, அரசவை மந்திரவாதி, பட்டம் ஃபால்கன். தேன் ஒழுகப் பேசுவான், ஒவ்வொரு பேச்சிலும் தனக்கு என்ன ஆதாயம் என்ற கணக்கு இருக்கும். இந்த இரண்டு பேருக்கு நடுவில் வைத்துப் பார்த்தால், திட்டிக்கொண்டே உண்மையைச் சொல்கிற சர்கான் தேவலை என்று வாசகனே இறங்கி வந்துவிடுகிறான். தந்திரம்தான். ஆனால் வேலை செய்கிறது. அதிலும் மாரெக்கை வெறும் வில்லனாக விட்டுவிடவில்லை. 20 ஆண்டுக்கு முன் அவன் தாய், ராணி ஹானா, காட்டுக்குள் காணாமல் போனவள். சின்னப் பையனாக அம்மாவைத் தொலைத்த வெறி அவனைக் கடைசிவரை ஓட்டுகிறது. அவனை மன்னிக்கவும் முடியாது, அவன் துக்கம் பொய் என்றும் சொல்ல முடியாது.

அந்தத் தட்டடிக்குப் பிறகு சர்கான் நடந்துகொள்வதைக் கவனிக்க வேண்டும். ஓடி வருகிறான், ஆனால் அவள் எப்படி இருக்கிறாள் என்பதைவிட இளவரசன் மண்டை உடைந்ததற்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவனுக்கு முதல் கவலை. மாரெக்கின் நினைவை மாற்றிச் சமாளிக்கிறான். அன்றைக்கு அவள் பயந்து நடுங்கியதற்கு ஆறுதலாக ஒரு சொல் இல்லை. முதல் கால்வாசியில் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மூடுவார்கள். அதில் தப்பே இல்லை.

இனி வருவதில் கதைத் திருப்பங்கள் உண்டு. படிக்காதவர்கள் அடுத்த நாலு பத்தியைத் தாண்டிக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

நாவலின் உண்மையான ஜோடி அக்னியெஷ்காவும் காஷாவும். காட்டின் ஆட்கள் காஷாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உள்ளே போனவர் திரும்பியதில்லை என்பது அந்த ஊரின் முதல் பாடம். அக்னியெஷ்கா தனி ஆளாகப் போய், ஒரு மரத்துக்குள் பாதி கரைந்து கிடந்தவளைப் பிடுங்கிக்கொண்டு வருகிறாள். ஆனால் வந்தது காஷாதானா? கோபுரத்தின் அடியில் அடைத்து வைக்கிறார்கள். சுத்தம் செய்ய வழி கிடைக்காவிட்டால் கொன்றுவிட வேண்டும் என்கிறான் சர்கான், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல். கடைசியில் கைகொடுப்பது லூத் என்பவர் எழுதிய பெரிய மந்திர நூல். நிறுத்தாமல் உரக்க வாசிக்க வேண்டும், ஒருவர் குரலால் தாங்காது, இருவர் சேர வேண்டும். அந்த வெளிச்சத்தில் பொய் நிற்காது. அங்கேதான் தோழிகள் ஒருத்தி மனதை ஒருத்தி பார்க்கிறார்கள். நீ வீட்டில் செல்லமாக வளர்ந்தாய், என் அம்மா என்னை இழக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே பாசத்தை நிறுத்திவிட்டாள் என்று காஷாவுக்கு உள்ளே ஓர் ஆத்திரம். காஷாதானே போகப்போகிறாள், நான் தப்பித்தேன் என்று இவளுக்குள் ஒரு நிம்மதி. இரண்டும் வெளியே வந்த பிறகும் நட்பு நிற்கிறது. கொன்றுவிடச் சொன்னவனின் வாய்ப்பாட்டு மந்திரமும், விட மாட்டேன் என்றவளின் பாட்டும் ஒரே வாசிப்பில் இணைந்தால்தான் அவளைக் காப்பாற்ற முடிகிறது என்பது கதையமைப்பில் மிக நேர்த்தியான இடம். காஷாவும் பழைய காஷாவாக வருவதில்லை. உடம்பு மரம் போல உறுதி, வாள் பட்டால் வாள்தான் மழுங்கும். அழகி என்று வளர்க்கப்பட்டவள் போர்வீரனாகிற மாற்றம் நாயகனுக்குக் கிடைத்ததைவிடச் சிறப்பாக எழுதப்பட்டிருக்கிறது.

சறுக்கல் எங்கே என்றால், தலைநகர் க்ராலியாவில். ராணி ஹானாவை மீட்க ஒரு படையோடு காட்டுக்குள் போய், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு திரும்புகிறார்கள். ராணி பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். காடு அவளைக் கெடுத்துவிட்டதா இல்லையா என்று விசாரிக்க அரசவைக்குக் கூட்டிப்போகிறார்கள், சர்கான் கோபுரத்திலேயே தங்கிவிடுகிறான். இந்தப் பிரிவு கதைக்குத் தேவை. நாயகி தனியாக நிற்கப் பழகும் இடம். ஆனால் நாவலின் ருசியே அந்த இரண்டு பேரின் வாய்ச்சண்டை என்று 200 பக்கம் பழக்கிவிட்டு, அதைச் சட்டென்று எடுத்துவிட்டால் உப்பில்லாத கஞ்சி மாதிரிதான் இருக்கும். அரசவைப் பெண்கள் அக்னியெஷ்காவைக் கேலிப்பொருளாக்குவது எங்கும் படித்த சங்கதி. இதில் ஒரே ஆறுதல் அலோஷா. நூறு ஆண்டைத் தாண்டிய சூனியக்காரி, கொல்லுப்பட்டறையில் வேலை. ஒரே ஒரு வாளுக்குள் காலமெல்லாம் சாவைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ராணியை உடனே கொல்லுங்கள் என்று சொல்கிற ஒரே ஆளும் இவள்தான், யாரும் கேட்கவில்லை. இவளுக்கு இன்னும் 50 பக்கம் கொடுத்து விருந்துக் காட்சிகளைக் குறைத்திருக்கலாம். பிறகு கோபுர முற்றுகை. போர் விவரம் எழுத நோவிக்குக் கை நடுங்காது, மதில், குழி, பீரங்கி எல்லாம் துல்லியம். பிணக்கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. சிறிது நேரத்தில் மரத்துப்போகிறது.

இன்னொரு குறை மந்திரத்தின் விலை. ஒவ்வொரு பெரிய மந்திரத்துக்கும் பிறகு அக்னியெஷ்கா சுருண்டு விழுகிறாள், எழுகிறாள், மறுபடி விழுகிறாள். களைப்புதான் எல்லை என்றால் அந்த எல்லை எங்கே என்று நமக்குத் தெரிய வேண்டும். இங்கே கதைக்கு வேண்டிய இடத்தில் தெம்பு வருகிறது, வேண்டாத இடத்தில் போய்விடுகிறது. ஓராண்டு போலத்தான் பயிற்சி, அதற்குள் நாட்டின் பெரிய மந்திரவாதிகளுக்குச் சமமாக நிற்கிறாள். ஜாகாவின் வழி சீக்கிரம் கைகூடும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அலோஷாவின் நூற்றாண்டு உழைப்பின் பக்கத்தில் அது கொஞ்சம் மலிவாகவே தெரிகிறது.

கொண்டுபோன பெண்களுக்குச் சர்கான் பட்டிருக்கும் கடனுக்கு வருவோம். அவன் ஏன் பெண்களைக் கொண்டுபோனான் என்பதற்கு விடை பின்னால் வருகிறது. காட்டோடு போராட அவனுக்குப் பள்ளத்தாக்கின் மண்ணிலிருந்தும் ஆற்றிலிருந்தும் சக்தி வேண்டும். அந்த மண்ணோடு ஒட்டினால்தான் அது வரும். ஆனால் அவன் ஒட்ட மாட்டான். ஒட்டினால் மனிதர்களோடு பாசம் வரும், அவர்கள் செத்துப்போவார்கள், 150 ஆண்டில் அவன் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டான். ஆகவே இந்த மண்ணில் பிறந்த ஒரு பெண்ணை அருகில் வைத்துக்கொண்டு, அவள் வேர் வழியாக எடுத்துக்கொள்கிறான். 10 ஆண்டு கழித்து அவள் வெளியே வரும்போது வேர் அறுந்திருக்கும். ஊரில் தங்க மனம் வராது. முதல் அத்தியாயத்துப் புதிர் இவ்வளவுதான். வேரும் வேரடி மண்ணுமாகப் பிடுங்கியது காடு இல்லை, காட்டிலிருந்து காப்பாற்றுகிறவனே என்பது கூர்மையான கண்டுபிடிப்பு. இதை அக்னியெஷ்கா அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள், இனி ஒரு பெண்ணையும் எடுக்கக் கூடாது என்கிறாள். அவன் மன்னிப்புக் கேட்கிறானா? நமக்குத் திருப்தியாகும்படி இல்லை. முன்னே போன பெண்கள் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று நாவல் தேடிப் போவதும் இல்லை. வயது வித்தியாசம், எஜமான் வேலைக்காரி உறவு என்று எழுகிற கேள்விக்கு, நெருங்கி வருவது எப்போதும் அவள்தான், தயங்குவது அவன்தான் என்று காட்சிகளை அமைத்து நோவிக் பதில் சொல்லப் பார்க்கிறார். பாதிக் கடன் அடைகிறது. மீதிக்கு, ஊர்த் திருவிழாவில் அழுக்குப் பாவாடையோடு நிற்கிறவளைத் தேடிப் பட்டு உடையில் சங்கடத்தோடு வந்து நிற்கிறவனை, வா, என் அம்மாவைப் பார் என்று அவள் கூப்பிடுவதோடு முடித்துவிடுகிறார். பெண்ணைக் கேட்காமல் கொண்டுபோனவன், இப்போது அந்தத் தாய் முன்னால் போய் நிற்க வேண்டும். தண்டனை என்று பார்த்தால் இது லேசானது. ஆனால் அந்த ஆளுக்கு இதைவிடக் கஷ்டமான ஒன்றைக் கொடுத்திருக்க முடியாது.

யார் வாங்கலாம்? ஆங்கில நாவல் படித்துப் பழக்கம் இருந்தால் நடை சிரமப்படுத்தாது, முழுக்க அக்னியெஷ்காவே ‘நான்’ என்று சொல்கிற கதை, வாக்கியங்கள் நீளமானாலும் பேச்சு ஓட்டம் உண்டு. மேலட்டையைப் பார்த்துத் தேவதைக் கதை என்று பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டாம். தொடக்கத்தில் பலாத்கார முயற்சி, பின்பகுதியில் வெளிப்படையான உடலுறவுக் காட்சி ஒன்று, நடுவில் உடம்பு சிதையும் விவரங்கள், குழந்தைகள் கண் முன்னே பெற்றோர் கொல்லப்படும் பகுதி. 16, 17-க்கு மேல் சரியாக இருக்கும். காதல் கதைக்காக மட்டும் வாங்குகிறவர்கள் ஏமாறக்கூடும், மொத்த நாவலில் அது கால்பங்குகூட வராது. பயமுறுத்தும் காட்டுக்காக வாங்குகிறவர்களுக்குக் காசுக்கு மேலேயே கிடைக்கும். அரசவைப் பகுதியில் கை தளர்ந்தால் புத்தகத்தை வைத்துவிடாமல் வேகமாகப் புரட்டிக்கொண்டு போங்கள், ஆனால் அலோஷா வருகிற பக்கங்களில் நிறுத்திப் படியுங்கள்.

பெயர்களை முதலிலேயே சரி செய்துகொண்டால் பாதித் தடுமாற்றம் போய்விடும். நாயகியின் பெயர் அக்-நியெஷ்-கா, அழுத்தம் நடுவில். வீட்டில் கூப்பிடுவது நியெஷ்கா. எழுத்தைப் பார்த்து அக்னீஸ்கா என்று மனதில் பதித்துக்கொண்டால் கடைசிவரை மாறாது. காசியா என்று தோன்றுவதைக் காஷா என்று படிக்க வேண்டும். அக்னியெஷ்கா என்ற பெயரை ஒரு போலந்துச் சிறுவர் கதையிலிருந்து எடுத்ததாகப் புத்தகத்தின் கடைசியில் நோவிக்கே குறிப்பு எழுதியிருக்கிறார். அதை முதலில் படித்துவிடலாம், கதை எதுவும் உடைந்துவிடாது. ஒலி நூலை வாசித்திருப்பவர் ஜூலியா எமெலின். கனமான ஸ்லாவிய உச்சரிப்பு. ஆங்கிலத்தை இப்படிக் கேட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு முதல் அரைமணி நேரம் காதில் நெருடும், சர்கான் திட்டும் இடங்களில் அதே உச்சரிப்பு அமிர்தம். மாதிரிப் பகுதியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், மொத்தம் 17 மணி நேரத்துக்கு மேல் ஓடும். இது பிடித்துப்போனால் அடுத்து நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’, 2018-இல் வந்தது. தொடர்ச்சி இல்லை, தனிக் கதை. வட்டிக்குக் கொடுக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி, பனி தேசத்து ராஜா ஒருவன். அவனோடு ஒப்பிட்டால் சர்கான் சொக்கத் தங்கம்.